லாரா என்று பெயர் வைத்தோம்

பர் துபாய்,
மார்ச் 2006

அன்புள்ள அத்தானுக்கு,

உமாராணி எழுதுகிறேன். நானும் லாராவும் உடம்புக்கு நலம். போனில் சொன்னால் பாதியிலேயே வேண்டாம் என்பீர்கள். அதனால் நீங்கள் வேலை பார்க்கும் ருவைஸுக்குத் திரும்பும் முத்துராமன் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கூப்பிட அழகாக இருக்கிறது என்றுதானே நம் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தீர்கள்? பள்ளியில் அவரவர் பெயருக்குப் பொருள் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தாராம். லாரா ரோமானியர் கதையில் வரும் நீர்த்தேவதை. முதலில் லாலா என்றுதான் பெயராம். ஓயாமல் பேசுகிறவள் என்று பொருளாம். கடவுள்களுக்கெல்லாம் அரசனான ஜூபிடர் செய்யவிருந்த தப்பை அவன் மனைவியிடமே போய்ச் சொல்லிவிட்டாள். அவன் அவள் நாக்கைப் பிடுங்கிப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டான்.

அன்றிலிருந்து பிள்ளை வாயே திறக்கவில்லை. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். நேற்றுச் சோறு ஊட்டும்போது மெல்லக் கேட்டாள்: "அம்மா, பார்த்ததைச் சொன்னா என் டங்கையும் கட் பண்ணிடுவாங்களா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

மேல் மாடியில், உங்கள் மேனேஜர் பாலகுரு சார் வீட்டுக்கு விளையாடப் போனபோது பார்த்திருக்கிறாள். சாரின் மனைவி, அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் தக்ஷாயினியின் கையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாராம். வெளியே சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று சொல்லி லாராவுக்கு சாக்லேட்டும் கொடுத்தாராம்.

நான் நம்பவில்லை. பிள்ளை கதையை நிஜத்தோடு குழப்பிக்கொள்கிறாள் என்றே நினைத்து மேலே போனேன். தக்ஷாயினிதான் கதவைத் திறந்தாள். சட்டைக் கையை இழுத்து மூடினாள். விலக்கிப் பார்த்தேன். அத்தான், முழங்கை வரை தோல் உரிந்து... எழுத முடியவில்லை.

"அக்கா, என்னை இங்க விட்டிட்டுப் போகாதேங்கோ" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். "உன் புருஷனுக்கு விசா குடுத்தது யாருன்னு மறந்துட்டியா?" என்று சாரின் மனைவி படியெல்லாம் கேட்கக் கத்தினார்.

அவள் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். நாம் தீபாவளிக்கு உட்கார்ந்து சாப்பிட்ட வீடு அது. நாளை அவளை இலங்கைத் துணைத் தூதரகத்துக்குக் கூட்டிப் போகிறேன். உங்கள் வேலை என்ன ஆகும் என்று யோசிக்காமல் இதைச் செய்யவில்லை.

சார் இதற்குள் உங்களைக் கூப்பிட்டிருப்பார். லீவு கேட்டுக்கொண்டு வாருங்கள். வந்ததும் தயவுசெய்து மேலே ஏறிவிடாதீர்கள். முதலில் நம் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

என்றும் உங்கள்
உமாராணி