ரெண்டு பாக்ஸும் உன் வலப்பக்கம்

பிரியமான அந்தோணி அண்ணா,

உன் வருஷப் பூசை முடிந்துவிட்டது. கோயில் வாசலிலேயே பெரியம்மா சொல்லிவிட்டாள்: "போதும் ஸ்டெல்லா, இனிமே வூட்ல பாட்டு போடு, படம் பாரு. அவன் இன்னா கோச்சுக்கவா போறான்?"

வீட்டுக்கு வந்து போட்டேன். சத்தமே வரவில்லை. துக்கம் என்று இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்ததில் உன் ஸ்பீக்கர்களைக் கடல் காற்று தின்றுவிட்டிருந்தது. கம்பி மாட்டும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. துணி மூடியைக் கழற்றியதும் உள்ளே இருந்து தூள் உதிர்ந்தது. அழுவேனா என்று பார்த்தேன். பிறகு துடைப்பம் எடுத்துப் பெருக்கினேன்.

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன்.

"அக்கா, பாட்டுக்கா, படத்துக்கா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னு வர்றவங்கதான் நம்மள பேஜார் பண்ணுவாங்க. பாட்டுக்கு நல்லதா ரெண்டு பாக்ஸ் போதும்க்கா. படம்னா டமால் டுமீலுக்குக் கீழ ஒண்ணு, பேச்சு தெளிவா கேக்க நடுவுல ஒண்ணு. எங்க வெக்கப் போறீங்க?"

"ரெண்டையும் வலது பக்கம்."

"ஒரே பக்கமாவா? அப்ப எதுக்குக்கா ரெண்டு? ஒண்ணே வாங்கினு போங்க!"

துறைமுகத்தில் கப்பல் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி, அந்தச் சத்தத்திலேயே உன் இடது காது போனது அவருக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டில் பாட்டுக்கு இடது என்று ஒரு பக்கமே இருந்ததில்லை. பெட்டிகள் உன் வலப்பக்கம், நானும் உன் வலப்பக்கம். படத்தில் யார் வாயைத் திறந்தாலும் "இன்னா சொன்னான்?" என்பாய். நான் திருப்பிச் சொல்வேன். "வில்லன் பேசறத இன்னாமே இப்டிக் கொஞ்சிக்கினு சொல்ற? மெரட்டலா சொல்லு" என்று அதிலும் ஒரு நக்கல்.

கடையில் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பாட்டுப் போட்டார். குரல் நேர் எதிரே நின்றது. வயலின் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம். நன்றாகத்தான் இருந்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அடுத்து ஒரு படம். மழைச் சத்தத்துக்குள் ஒரு போலீஸ்காரர் ஏதோ முணுமுணுத்தார். நான் இடப்பக்கம் இருந்த காலி நாற்காலியிடம் திரும்பி, "அவன் ஊர்லயே இல்லையாம்" என்றேன்.

"யாரு ஊர்ல இல்லக்கா?" என்றார் கடைக்காரர்.



இரண்டு பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டேன். நம் ஹாலுக்கு அது போதும்; பாட்டு நன்றாகக் கேட்கும் பெட்டியில் பேச்சும் தெளிவாகத்தான் கேட்கிறது. இடி முழக்கத்துக்கு உள்ளதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமாம். ஆனால் நடுவில் வைக்கும் அந்தப் பேச்சுப் பெட்டியை மட்டும் எப்போதும் வாங்க மாட்டேன். இத்தனை வருஷம் அந்த வேலையைப் பார்த்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து மாட்டுவார். "எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுங்க, செவுத்துல ஓட்ட போட்டா போட்டதுதான்" என்றார் கடைக்காரர். இடப்பக்கம் ஒன்றை மாட்டினால், நீ இல்லை என்று சுவரில் ஆணி அடித்துச் சொல்வதாகிவிடாதா? வலப்பக்கமே இரண்டையும் மாட்டினால் யாருக்காக? அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார். பக்கத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டேன், அண்ணா. சொன்னபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

இனி நடுவில் நான் உட்காருவேன். முதலில் பாட்டு. என்றைக்காவது படமும் போடுவேன். வாயை மூடிக்கொண்டு கடைசிவரை பார்ப்பேன், இது சத்தியம். நடுவில் நீ "இன்னா சொன்னான்?" என்று கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். கேட்காவிட்டால், ஓடவிடுகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா
ராயபுரம்