அழ வைக்க ஒரு கடிதம்

லாஸ் ஏஞ்சல்ஸ், அக்டோபர் 1916

அன்புள்ள லவினியாவுக்கு,

இருபது வருஷம் மேடையில் நடித்தும் வராத கண்ணீர், டைரக்டரான பிறகு நேற்று எல்லோர் முன்னாலும் வந்துவிட்டது. சிரிக்காதே. இருமல் என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா? நான் சுகம்.

கதாநாயகி மிர்ட்டிலுக்கு அழுகை வரவில்லை. ஊமைப்படம்தானே, காமிரா ஓடும்போது நான் பேசலாம். உன் கடிதத்தை எடுத்து நாடகக் குரலில் வாசித்தேன். கூரை ஒழுகுகிறது, கோழி முட்டையிடவில்லை என்றதும் அவள் சிரித்துவிட்டாள். என் குரல்தான் உடைந்தது.

காமிராக்காரர் கஸ், "அழுறது நீங்கதான் சார். உங்க பக்கம் திருப்பட்டுமா?" என்றார்.

"திருப்புய்யா, ஃபிலிமாவது வீணாகாம இருக்கட்டும்."

என் சாம்பல் கோட்டுக்கு ஒரு பொத்தான் அனுப்பு. இங்கே கிடைப்பது எதுவும் பொருந்தவில்லை. அப்படியே கெட்டித் தாளில் எழுது, உன் கடிதம் மடிப்பில் கிழிகிறது. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் ஆம்ப்ரோஸ்

பி.கு.: வாசித்தது நீ மார்ச்சில் எழுதியது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.