ஐம்பத்தேழாவது சுற்று

பிப்ரவரி 11, செவ்வாய்

சோதனை பேட்டரி ஐம்பத்தேழாவது சுற்றில் செத்துவிட்டது. மறுபடியும். காலையில் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே திரையில் தெரிந்தது. 3.9 வோல்ட்டில் படுத்துக் கிடக்க வேண்டிய கோடு 4.6 வரை எகிறி நிற்கிறது.

நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரத்தைத் திணித்தால் அது உப்பும், சில சமயம் எரியும். தங்கை வீட்டில் ஸ்கூட்டர் பேட்டரி அப்படித்தான் எரிந்தது. அவளுடைய மூன்று விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. அதைத் தடுப்பதுதான் என் மூலக்கூறின் வேலை: பேட்டரி நிரம்பியதும் நேர்முனையில் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, கரைசலில் நீந்திப்போய் எதிர்முனையில் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மிஞ்சுகிற மின்சாரமெல்லாம் இந்தப் போக்குவரத்திலேயே வெறும் சூடாகக் கழிந்துவிடும். இருநூறு சுற்று, அதாவது இருநூறு முறை ஏற்றி இறக்குவதை, தாங்கினால் போதும் என்கிறார் மேலாளர். இது அறுபதைத் தாண்டமாட்டேன் என்கிறது. இரண்டு வருடமாக.

பிப்ரவரி 12, புதன்

ஆய்வகத்தில் செல் கட்டும் அண்ணனிடம் கத்திவிட்டேன். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, நாணயம் அளவுச் சோதனை பேட்டரிகளான செல்களைப் பதினோரு வருடமாகக் கட்டுகிறவர்.

"பெட்டியில ஈரம் இருக்குண்ணே. வேற என்னவா இருக்க முடியும்?"

"மீட்டர்ல ஈரம் அரைப் புள்ளிக்கும் கீழதாம்மா காட்டுது. நீங்களே வந்து பாருங்க."

"மீட்டரைப் பாத்துக்கிறதும் நீங்கதானே!"

அவர் திரும்பிப் போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு என்னதான் காரணம்?

பிப்ரவரி 14, வெள்ளி

மேலாளர் கூப்பிட்டார். "மார்ச் கடைசிக்குள்ள இருநூறு காட்டலைன்னா இதை மூடிடலாம். சிப்பை வச்சே சமாளிச்சுக்கலாம்."

சிப் என்றால் பேட்டரிக்கு வெளியே உட்கார்ந்து காவல் காக்கிற சர்க்யூட். தங்கையின் ஸ்கூட்டரிலும்தான் சிப் இருந்தது. சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தப்பு எங்கன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'செல் கட்டும் இடத்தில் கவனக்குறைவு.' ஒரே வரி.

பிப்ரவரி 17, திங்கள்

அண்ணனைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமா? நான் மாற்றச் சொல்லவில்லை.

சொல்லவில்லையா?

பிப்ரவரி 18, செவ்வாய்

பெட்டியை முழுக்க உலர்த்திவிட்டு, நானே கட்டினேன். ஆறு செல். தோள்பட்டை இற்றுப்போனது. இரண்டில் தகட்டைத் தலைகீழாக வைத்துத் தொலைத்தேன். பாக்கி நான்கு ஓடுகின்றன.

பிப்ரவரி 26, புதன்

ஐம்பத்தொன்பது, ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. நான்கும் காலி.

வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வைக்கவா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் யாரையாவது திட்டணுமா?" என்றார். சிரிப்பு வரவில்லை. திட்டுவதற்கு ஆளும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

சோதனைக் கருவியின் பதினான்காம் சேனல் சும்மா கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிறது! நூற்றுப் பதினேழாவது சுற்று. கோடு 3.9-இல், தரையோடு தரையாக.

செல்லின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அண்ணனின் கையெழுத்து: 'பழைய பொருள். பெட்டி சோதனை. 12/2.' நான் கத்திய அன்றே கட்டியிருக்கிறார். அதே பெட்டி, அதே கரைசல். மூலக்கூறு மட்டும் வேறு: வால் ஒட்டாத பழையது.

வால் என் யோசனை. விரைவு சார்ஜுக்கு நிறையக் கரைய வேண்டும் என்று மூலக்கூறின் இரண்டு பக்கமும் நீளமாக ஒட்டியது நான்தான். கருத்தரங்கில் கைதட்டு வாங்கித் தந்த வால்.

செத்த செல் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த கரைசலைப் பகுப்பாய்வுக் கருவியில் கொடுத்துப் பார்த்தேன். எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற நேரத்தில் வால்தான் அறுந்து போகிறது. துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஈரத்தின் அடையாளமே இல்லை.

ஈரமே இல்ல. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். பெட்டியைச் சந்தேகப்பட்டேன், மீட்டரைச் சந்தேகப்பட்டேன், ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டேன். ரெண்டு வருஷத்துல என் வாலை மட்டும் ஒரு நாள்கூட சந்தேகப்படலையே — ஏன்?

மார்ச் 3, திங்கள்

மேலாளரிடம் நான் எழுதிக் கொடுத்தது தவறு என்றேன்.

"விடுங்க, அவரே ஒண்ணும் சொல்லல. இப்ப போய்க் கிளறினா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"அசிங்கம்தான் சார். எழுதியே கொண்டாந்திருக்கேன்."

இந்த முறை முழுசாக ஒரு பக்கம். ஆய்வகத்தில் எல்லோருக்கும் நகல் அனுப்பினேன்.

மார்ச் 4, செவ்வாய்

கிடங்குக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வேலை மாறினதுகூடப் பரவாயில்லம்மா. மீட்டரைப் பத்திப் பேசினீங்க பாருங்க, அதை வீட்ல போய்ச் சொல்லக்கூட வாய் வரல."

 

"பதினாலாவது சேனலைப் பத்தி அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"கேக்கிற நிலைமையிலயா இருந்தீங்க?"

மார்ச் 10, திங்கள்

பழைய மூலக்கூறு இருநூறைத் தாண்டிவிட்டது. மேலாளர் கைகுலுக்கினார். கட்டியது யார் என்று சொன்னேன். விரைவு சார்ஜுக்கு இது ஆகாது, நிதானமாக ஏற்றினால்தான் தாங்கும் என்பதையும் சொன்னேன். முகம் சுருங்கியது, இருந்தாலும் ஆறு மாதம் நீட்டித்தார்.

சந்தோஷப்பட வேண்டும். எரிச்சல்தான் வருகிறது. இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போட்டால்தான் வேலை நடக்கிறது என்றால், நான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன்?

அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். வரமாட்டேன் என்றாராம்.

மார்ச் 19, புதன்

கட்டினேன். மூன்று உருப்படி, ஏழு வீண்.

ஏப்ரல் 9, புதன்

இன்று பத்தில் நான்கு செல்கள் ஓரத்தில் கசிந்தன. மூடியை அழுத்தி மூடுகிற கருவியோடு காலையிலிருந்து மல்லுக்கட்டு. ஆத்திரத்தில் கசிந்த செல்லைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத என்ன உரிமை இருக்கிறது?

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'அழுத்தம் ஜாஸ்தி.'

குறைத்தேன். கசிவு நின்றது. அதையும் படமெடுத்து அனுப்பினேன்.

'ஓரம் இன்னும் கோணலா இருக்கு. நாளைக்கு பத்து மணிக்கு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.'

தொடவில்லை.