ரவுண்டு முடியட்டும் என்று நின்ற சின்னான்

எட்டுக்கை அம்மன் துணை

அன்பு மகன் தமிழ்செல்வனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு இரண்டும் சுகம், நீ அங்கே குஜராத்தில் நேரத்துக்குத் தின்று தூங்கி எழுகிறாய் என்று தெரிந்தால் அதுவே எங்களுக்குப் பாதி சுகம். போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் அடித்து உன் தூக்கத்தைக் கெடுத்துத் தொலைத்தால் என்ன செய்வது, கடிதம் என்றால் நீ எழும்வரை தலைமாட்டில் சத்தமில்லாமல் கிடக்கும்.

டேங்கர் லாரி ஓட்டும்போது கண்ணசந்து ரோட்டு நடுச்சுவரில் உரசிவிட்டாய் என்று கேட்ட நாள் முதல் எனக்கு அதே நினைப்பு. கம்பெனிக்கு வந்த டாக்டர், தூக்கம் ரவுண்டு ரவுண்டாகப் போகும், ஒரு ரவுண்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், நடுவில் எழுந்தால் மண்டை கனக்கும், முடிகிற இடத்தில் எழுந்தால் தெளிவாக இருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி படுங்கள் என்றதாகச் சொன்னாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் முதலில் உன்னை வைத்துச் சோதிக்க எனக்கு மனசு வரவில்லை, கெட்டால் நான் கெடுகிறேன் என்று நானே செய்து பார்க்கக் கிளம்பினேன். ஏழாவது தாண்டாத மண்டைக்கு அன்று ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது.

ராத்திரி குச்சிக்கிழங்குக் காட்டில் காட்டுப்பன்றிக் காவல். நானும் பக்கத்துக் காட்டுச் சின்னானும் காவல் பரணில் முறை மாற்றித் தூங்குவோம். பன்றி வந்தால் விழித்திருப்பவன் மற்றவனை எழுப்ப வேண்டும், ஒருவன் மேலிருந்து தகரம் தட்ட ஒருவன் டார்ச்சோடு இறங்குவான், தனியாக யாரும் இறங்குவதில்லை. இது தெரிந்தும் நான் சின்னானை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன், போனில் அலாரம் வைத்திருக்கிறேன், அது அடிக்கும்வரை என்ன ஆனாலும் என்னை எழுப்பாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் பேச்சைத் தட்டாதவன். அலாரம் அடித்து எழுந்தேன், டாக்டர் சொன்னது பொய்யே இல்லை, மண்டை அவ்வளவு தெளிவு. அந்தத் தெளிவோடு பார்த்தால் கீழே பன்றிகள் தாயும் குட்டிகளுமாகக் கிழங்கைத் தின்று முடித்துக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன, சின்னான் டார்ச்சைப் பிடித்தபடி என் தலைமாட்டில் நிற்கிறான். ஏன்டா எழுப்பவில்லை என்று கத்தினேன். "நடுவுல எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானுங்களே மாமா சொன்னீங்க, ரவுண்டு முடியட்டும்னு நின்னுக்கிட்டு இருந்தேனுங்க" என்றான். அவனைத் திட்ட எடுத்த வாயால் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். இப்போது செம்மேட்டுச் சந்தையில் டீ குடிக்க முடியவில்லை, ரவுண்டு முடிஞ்சுதுங்களா என்று கேட்காத ஆள் இல்லை. உன் அம்மாவும் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, இப்ப எழுப்பலாமா இல்லை இன்னும் ரவுண்டு இருக்கா என்கிறாள்.

அது போகட்டும். ரூமில் படுக்கும்போது டாக்டர் சொன்ன கணக்கைப் பார், தினமும் ஒரே நேரத்தில் படு, படுத்த பிறகு போனை நோண்டாதே. ஆனால் ரோட்டில் கண் சொருகினால் ஒரு கணக்கும் பார்க்காதே, லோடு தாமதமானாலும் முதலாளி கத்தினாலும் வண்டியை ஓரங்கட்டித் தூங்கு. வேலை போனால் போகட்டும் கண்ணு, இங்கே வந்து மிளகு பறிக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வண்டியை நிறுத்தியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போடு. வீட்டில் டவர் கிடைக்காததால் சாப்பிட்டதும் நானும் அம்மாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேட்டுப் பாறையில் போய் உட்கார்ந்திருக்கிறோம். உன் வார்த்தை வந்த பிறகுதான் இறங்கி வந்து படுக்கிறோம், எங்கள் தூக்கத்தின் முதல் ரவுண்டு அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைசாமி
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை