புது ஃபோர்க் போட்ட வண்டி

ஸரூக்குக்கு ஸலாம்.

நீ பதுளைக்கு லொறியில் ஏற்றி அனுப்பிய உன் பழைய குரூஸர் மோட்டார் சைக்கிள் தயார். சாவியோடு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று பார்த்தேன்.

வளைந்துபோன முன் ஃபோர்க்குக்குப் பழைய சாமான் கிடைக்கவில்லை. புதிய மாடலின் ஃபோர்க்கைப் போட்டேன். அதன் குழாய் தடிப்பானது. அதனால் அதைப் பிடிக்கும் கிளாம்ப்பையும், டயரோடு முன் சில்லையும் சேர்த்தே மாற்றினேன்.

வேலை சுணங்கிவிட்டது. ஹாலிஎல வளைவில் நாம் வண்டியோடு விழுந்த நாளிலிருந்து என் வலது கை விரல்களுக்குத் தொட்டாலும் எதுவும் தெரிவதில்லை. ஒயில் கசியாமல் அடைக்கும் சீல் சரியாக உட்கார்ந்ததா என்று டோர்ச் அடித்துத்தான் பார்க்கிறேன். நட்டுகளை என் மனைவி இறுக்கினாள்.

“ஸரூக் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்ல?” என்று கேட்டாள். நான் ஃபோர்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய தம்பி ஓட்டிப் பார்த்தான். “பின்னுக்கு ஏறுங்க மச்சான், இப்ப ஆடல்ல,” என்றான். நான் ஏறவில்லை.

வண்டியை எடுக்க ஆள் அனுப்பாதே, நீயே வா. ஸலாம் சொல்லிக் கை கொடுக்கும்போது நீ எவ்வளவு இறுக்கினாலும் எனக்குத் தெரியாது. பிடித்திருக்கிறாயா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அன்று உன் பின்னால் உட்கார்ந்திருந்தவன்