டஸ்டியின் முன்னங்கால்கள்

டண்டினோங்,
17 ஜூன் 2012

என் அன்பு மகள் பிரியதர்சினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல்லை எழுத முடியவில்லை. எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அம்மா தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு வழியாகச் சாப்பாடு இறக்க ரியூப் போட்டிருக்கிறார்களாம். நீ ஒரு தடவை அதைப் பிடுங்கிவிட்டாயாம். சித்தி ஒவ்வொரு நாளும் ஹரிஸ் பார்க்கில் தன் வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து உன் வார்டில் விடுகிறார் என்று கேட்க ஆறுதலாக இருந்தது. அப்பா சிட்னிக்கு வரக்கூடாது என்று நீ டொக்டரிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். நான் கோபிக்கவில்லை. நீ சொல்லும்வரை வரமாட்டேன்.

உன்னுடைய போனிக் குதிரை டஸ்டியைப் பற்றி எழுதினால் வாசிப்பாய் என்று அம்மா சொன்னார். ஆகவே அவனைப் பற்றி எழுதுகிறேன். நீ யூனிவர்சிட்டிக்குப் போன நாளிலிருந்து அவன் என் பொறுப்பு. இரண்டு மணிக்குப் பாண் சுடும் பேக்டரியில் வேலை முடிந்ததும் நேரே அவன் நிற்கும் புல்வெளிக்கு, த பேசினுக்குக் கார் ஓட்டுகிறேன். பிள்ளையார் கோயில் வழியாகத்தான் போகிறேன், ஆனால் உள்ளே போவதில்லை. எல்லோரும் மகள் எப்படி என்று கேட்பார்கள்.

மலையடிவாரத்தில் குளிர் கடுமை. புல் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் நிற்கிறது. என் காரின் சத்தம் கேட்டதும் டஸ்டி வேலிக்கு ஓடி வந்து கனைக்கிறான். அவனுக்குப் பசி என்று நினைக்கிறேன். உலர்புல் கட்டோடு பேக்டரியில் மிஞ்சும் பாணும் கொண்டுபோகிறேன். கரட், அப்பிள் எல்லாம் தின்கிறான். என் உள்ளங்கையை நக்கித் துடைத்துவிடுகிறான். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொன்னால் புரியுமோ தெரியாது.

லாடம் இல்லாமல் இந்த ஈரத்தில் கால் என்னாகுமோ என்று எனக்கு இன்னும் பயம்தான். உன் பதினைந்து வயதில் லாடத்தைக் கழற்ற வேண்டும் என்று என்னோடு ஒரு மாதம் சண்டை பிடித்தாய். வழக்கமாகக் குளம்பு பார்க்கும் ஹெலன் போன வாரம் வந்து குளம்புகளை அரத்தால் ராவிவிட்டுப் போனார். கால்கள் நல்லாய் இருக்கின்றன, வயிறுதான் பெருக்கிறது என்றார். குளிர்காலத்து மயிர் என்று நான் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், பிள்ளை.

அன்புடன்,
அப்பா


டண்டினோங்,
15 ஜூலை 2012

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மா வாசித்துக் காட்ட வேண்டாம். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். மெல்ல மெல்ல நீயே வாசி. "அவளுக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ, எல்லாம் நல்லாயிருக்கு எண்டு மட்டும் எழுதுங்கோ" என்றுதான் அம்மா சொன்னார். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். டஸ்டி உன்னுடையவன். உனக்கு நான் பொய் எழுதக்கூடாது.

போன திங்கட்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனி. எனக்கு அன்று லீவு, அதனால் விடிந்ததும் போனேன். டஸ்டி ஓடி வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதியில் பாரம் கொடுத்தபடி நின்றான். பாணைக் காட்டினேன். ஓரடி எடுத்து வைத்தான். நெருப்பின் மேல் வைத்ததுபோல் காலை இழுத்துக்கொண்டான். குளம்பைத் தொட்டேன். வெளியே அவ்வளவு குளிர், குளம்பு மட்டும் சுட்டது.

ஹெலனைக் கூப்பிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் வந்தார். குளம்புக்கு மேலே கணுவின் பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்தார், என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நாடி அடித்த அடியை என்னால் மறக்க முடியவில்லை. மிருக வைத்தியரும் வந்து எக்ஸ்ரே எடுத்தார். குளம்புக்குள்ளே எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கி விலகத் தொடங்கியிருக்கிறதாம். எலும்பு கொஞ்சம் கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. இன்னும் திரும்பினால் ஊசி போட்டு நிரந்தரமாக நித்திரையாக்குவதைத் தவிர வழியில்லை என்றார்.

எதனால் வந்தது என்று கேட்டேன். ஹெலன் என் கையில் இருந்த பையைப் பார்த்தார். சீனியும் மாவும் சேர்ந்த உணவு போனியின் குளம்புக்கு நஞ்சாம். பனி விழுந்த காலைப் புல்லிலும் சீனி கூடுதலாக இருக்குமாம். எவ்வளவு காலமாகப் பாண் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெப்ரவரியிலிருந்து ஒவ்வொரு நாளும் என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

முன் குளம்புகளின் நுனியை அரத்தால் குறைத்து, அடியில் தடித்த பஞ்சு மெத்தை வைத்துப் பட்டியால் சுற்றிவிட்டார். லாடம் அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், பாரம் முழுவதும் விளிம்பில் விழும், உள்ளங்கால் முழுவதும் தாங்க வேண்டும் என்றார். நீ அன்று சொன்னது சரி, மகள்.

இப்போது அவன் மணல் பரப்பிய சின்னத் தொழுவத்தில் நிற்கிறான். ஒரு நாளுக்கு நாலு கிலோ உலர்புல், தராசில் நிறுத்து, சீனி போக ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சின்னக் கண் வலையில் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாய்ப் பட்டினி போடவும் கூடாதாம், போனிக்கு அது உயிராபத்து. வலை வெறுமையானதும் என்னைப் பார்க்கிறான். நான் காருக்குள் போய் இருந்துகொள்கிறேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஈஸ்டர் லீவுக்கு நீ வந்தபோது, இரத்தினசிங்கம் அங்கிள் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, உன் தாடையைப் பிடித்துச் சோற்றை வாய்க்குள் திணித்தேன். உன் பல்லில் என் மோதிரம் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. நீ விடியவே சிட்னி பஸ் ஏறிவிட்டாய். அது நோய் என்று எனக்குத் தெரியாது, பிடிவாதம் என்று நினைத்தேன். தெரிந்திருந்தாலும் வேறு என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

டஸ்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் ஹெலன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவனைப் பார்க்க ஆளில்லை. அத்தோடு, உங்களால் அவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவன் உன் பெயரில் இருக்கிறான். என்ன செய்ய என்று நீ அம்மாவிடமாவது சொல்லிவிடு.

மன்னித்துக்கொள் என்று எழுதினால், உன்னை ஒரு பதிலுக்கு நெருக்குகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

அப்பா


டண்டினோங்,
9 செப்டம்பர் 2012

அன்பு மகள் பிரியதர்சினிக்கு,

நீ அனுப்பிய பதில் கிடைத்தது. "ஹெலனிட்டக் குடுக்கச் சொல்லுங்கோ" என்று நீ சொன்னதாக அம்மா சொன்னார். வேறென்ன சொன்னாள் என்று மூன்று தடவை கேட்டேன். அவ்வளவுதான் என்றார். ஏப்ரலுக்குப் பிறகு நீ எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்த நாளே கொடுத்துவிட்டேன். முன்னங்கால்களுக்கு மெத்தைச் சப்பாத்து மாட்டி, வண்டிக்குள் ஏற்ற முக்கால் மணித்தியாலம் ஆனது. ஒவ்வோர் அடிக்கும் நின்று யோசித்தான். நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். நீங்கள் நின்றால் உங்கள் சட்டைப்பையைத்தான் தேடுவான், தள்ளி நில்லுங்கள் என்றார் ஹெலன். வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். வண்டி தெருவில் திரும்பும்வரை அவன் கனைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்னேரம் மூன்று மணி. குசினியில் ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு பிடிபடவில்லை. ஒருநாள் என்னை அறியாமல் த பேசினுக்குப் போய், வெறும் தொழுவத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் ஹெலன் என்னை வரவிடுகிறார். தீனி எதுவும் கொண்டுவரக்கூடாது என்பது கட்டளை. உலர்புல்லை நிறுத்து ஊறவைக்கிறேன், தொழுவத்தைக் கூட்டுகிறேன். வலையை அவர்தான் கட்டுகிறார். போன புதன்கிழமை டஸ்டி சப்பாத்து இல்லாமல் கல்லுப் பாதையில் நொண்டாமல் இருபது அடி நடந்தானாம். எலும்பு அதற்கு மேல் திரும்பவில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இனிமேல் புதுக் குளம்பு மேலிருந்து வளர்ந்து இறங்க வேண்டும். ஒரு வருடம் எடுக்கும், நடுவில் மறுபடியும் வரலாம், யாரும் உத்தரவாதம் தர முடியாது என்கிறார்கள். என் உதவி தேவைப்படாமல்தான் அவன் தேறினான். இதை வருத்தத்தோடு எழுதவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

உனக்கு ரியூப் எடுத்துவிட்டார்கள் என்று ஓகஸ்டில் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். திரும்பவும் போட்டிருக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை அம்மா சொன்னார். சொல்லிவிட்டுக் கன நேரம் போனை வைக்காமல் இருந்தார். எத்தனை கிலோ என்று இப்போது நான் கேட்பதில்லை.

ஒக்டோபரில் இரண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறேன். டிக்கெட் போடவில்லை. நீ ஓம் என்றால் மட்டும் போடுவேன். உன் அறைக்குள் வரவேண்டும் என்று கேட்கவில்லை. வார்டுக்கு வெளியே நடையில் கதிரை போட்டிருக்கிறது என்று அம்மா சொன்னார். அதில் இருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கிப் போய்விடுவேன். எதையும் கேட்கமாட்டேன், புத்தி சொல்லமாட்டேன், அழவும் மாட்டேன். கதவைச் சாத்தி வைத்திருந்தாலும் பரவாயில்லை. நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்தால் அதுவே எனக்குக் காணும்.

வேண்டாம் என்றால் அதையும் அம்மாவிடம் சொல்லிவிடு. ஏன் என்று கேட்கமாட்டேன். நீ நீண்ட காலம் இருக்க வேண்டும், என் பிள்ளை. நான் இல்லாத காலத்திலும் இருக்க வேண்டும்.

உன் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,
அப்பா
ஜெயரட்ணம்