சிவப்பு வேண்டாம் என்ற தெரு

நவம்பர் 10
புழுக்கம். ஆபீஸில் ஏசி மறுபடி மக்கர். வெள்ள அபாய வரைபடத்தை இன்று முடித்தாக வேண்டும். சிவப்பு என்றால் முதலில் மூழ்கும் தெரு, படகு முதலில் போக வேண்டியது. மஞ்சள், காத்திருக்கலாம். முடிச்சூர் பக்கம் பாதிக்கு மேல் சிவப்பு. இதில் யாருக்கு என்ன ஆச்சரியம்?

ஆச்சரியப்பட ஒருவர் வந்தார். செல்வின் சார். ஆற்றோரக் காலனி ஒன்றின் சங்கச் செயலாளர், ரிட்டயர்டு வங்கி அதிகாரி. கையில் மனு.

"எங்க தெருவ ரெட்ல போட்டா யாரும்மா வீடு வாங்குவாங்க? வித்துட்டு கோயம்புத்தூர்ல பொண்ணுகிட்ட போலாம்னு இருக்கோம்."

"சார், தண்ணி மனுவெல்லாம் படிக்காது."

"கம்ப்யூட்டர்ல கலர் மாத்தறதுதானே!"

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 12
தூறல். பால், ரீசார்ஜ், குடைக் கம்பி. மேலதிகாரி கூப்பிட்டார்.

"அந்த ஒரு தெருவ மட்டும் எல்லோ பண்ணிடுங்க. டெய்லி வந்து உக்காந்துடறார், ஒரே பேஜார்."

அந்தத் தெருவின் நில உயர அளவைத் திறந்து காட்டினேன். பக்கத்துத் தெருவைவிடத் தாழ்வு. அவர் பார்க்கவே இல்லை. எழுதிக் கொடுங்கள் என்றேன். முறைத்தார். மாற்றினேன்.

டிசம்பர் 1
நேற்றிலிருந்து அடை மழை. காலை முதல் கட்டுப்பாட்டு அறை. வரைபடத்தைப் பார்த்துப் படகு அனுப்பும் வேலை. செல்வின் சார் போன்.

"அம்மா, ஹால்ல முழங்கால் தண்ணி. கரண்ட் இல்ல. வொய்ஃப் ஆக்சிஜன் மெஷின்ல இருக்கா... பேட்டரி கொஞ்ச நேரந்தான் வரும். போட் எப்பம்மா?"

மஞ்சள் தெரு. வரிசையில் கடைசி. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

தெருவைச் சிவப்பாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. படகுக்கார முருகன் அண்ணாவுக்கு நானே போன்.

"இன்னா மேடம், லிஸ்டுல எல்லோன்னு கீது?"

"லிஸ்ட் தப்புண்ணா. உடனே போங்க."

"மெயின் ரோட்டாண்ட தண்ணி இஸ்துகினு போவுது, போட் நிக்கல."

வரைபடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேடான சந்து ஒன்று. அங்கே இழுப்பு இருக்காது. அந்தச் சந்து வழியாகப் போகச் சொன்னேன். அப்புறம் லைன் கட். டீ வந்தது, ஆறியது. பக்கத்து மேஜையில் யாரோ, "தாம்பரம் சப்வேல பஸ் மாட்டிக்கிச்சாம்." எதுவும் காதில் ஏறவில்லை.

கடைசியில் முருகன் அண்ணா. "ஏத்திட்டோம் மேடம். அம்மாவுக்கு மூச்சு கீது. ஆஸ்பத்திரிக்குப் போய்கினு கீறோம்."

பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வந்தால் மேலதிகாரி. "யாரைக் கேட்டு கலர் மாத்தினீங்க?"

அடுத்த போன் அடித்தது. எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 6
வெயில். ஊரெல்லாம் சேற்று நாற்றம். மெமோ வரும் என்கிறார்கள். வரட்டும்.

செல்வின் சார் வந்தார். மனைவி தேறி வருகிறாராம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிறகு போனை நீட்டினார். காலனி முழுக்க வீடு வீடாகப் போய், தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் படம் எடுத்திருக்கிறார். யாரும் சொல்லாமலே! அடுத்த வரைபடத்துக்கு வேண்டிய இந்தக் கோடுகளுக்காக எத்தனை முறை ஆள் கேட்டுக் கெஞ்சியிருப்பேன்.

ஆசையாகத் தள்ளிப் பார்த்தேன். சுவர். அடுத்தது சுவர். அதற்கடுத்தும் வெறும் சுவர். கதவு எண் இல்லை, லொகேஷன் ஆன் பண்ணவில்லை.

"சார், இதுல எது எந்த வீடு?"

"ஏம்மா, பாத்தா தெரியலயா?"